சட்டை மாற்றிக்கொண்ட விளையாட்டுகள்

போன வாரம் என் மகள் ஓடிவந்து, "அப்பா, புதுசா ஒரு கேம் போட்டிருக்கேன், பாருங்க" என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பார்த்தேன். ஒரே நிறத்து மீன்களை வரிசையில் சேர்த்தால் அவை வெடித்து மறைகின்றன. அவ்வளவுதான்.

"போன மாசம் இதுல பழம் வெடிச்சுதே, அதானே இது?" என்றேன்.

"ஐயோ அப்பா, அது பழம். இது மீன்!"

அவளோடு வாதாடி ஜெயிக்க முடியாது. பழம் பழம்தான், மீன் மீன்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் வயதில் இதே விஷயத்துக்காக நான் சோறு இறங்காமல் பயந்து கிடந்திருக்கிறேன். அந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

நாங்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் துணி வெளுக்கும் குடும்பம். அப்பாவின் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். ஊர் முழுக்க ஓட்டல்காரர்களும் வீட்டுக்காரர்களும் எங்களிடம் துணி போடுவார்கள். எல்லாம் வெள்ளை விரிப்பு, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நூறு வெள்ளைத் துணி ஒரே தொட்டியில் ஊறும்போது எது யாருடையது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் குறி. துணியின் ஓரத்தில், மடிப்புக்குள், யாருக்கும் தெரியாத மூலையில் ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு சின்னக் கொக்கி. அதற்கென்று ஒரு கறுப்பு மை உண்டு. எத்தனை தடவை கல்லில் அடித்துத் துவைத்தாலும் அது போகாது. வீட்டுக்கு ஒரு குறி. எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்பே எனக்கு அந்தக் குறிகள் தெரியும்.

எங்கள் வீட்டுத் துணிக்கு மட்டும் குறி கிடையாது. நம் சட்டை நமக்குத் தெரியாதா என்ன?

அப்பாவுக்கு ஒரு தம்பி. என் சித்தப்பா. அவருக்குத் துவைக்கும் கல்லைக் கண்டாலே முதுகு வலிக்கும். "தம்பிக்குக் கல்லப் பாத்தா வலிக்குது, சோத்தப் பாத்தா சரியாயிடுது" என்று அம்மா சொல்வாள். அவர் ஒரு பழைய டிவியையும் அதில் மாட்டி விளையாடும் பெட்டியையும் எங்கிருந்தோ வாங்கி வந்து, தெருவைப் பார்த்த எங்கள் தேய்ப்பறையில் வைத்தார். பையன்கள் காசு கொடுத்துவிட்டு முறை வைத்து விளையாடுவார்கள். தேய்ப்பு மேசையும் கரிப்பெட்டியும் பின்பக்கக் கொட்டகைக்குப் போயின. அங்கே மழைச்சாரல் அடிக்கும். அப்பா துணி தேய்த்துக்கொண்டே ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லாமல் இருப்பதே அவர் திட்டும் முறை.

எனக்கோ அந்த அறைதான் அரண்மனை. பள்ளிக்கூடம் விட்டதும் பையை எறிந்துவிட்டு அங்கே போய்விடுவேன். சித்தப்பா தன் முக்காலியில் பாதி இடம் எனக்குத் தருவார். பையன்கள் விளையாடும்போது அவர் எங்கள் காதருகே கதை சொல்லிக்கொண்டே வருவார். டிவிக்குள் ஓடுகிற அந்தப் பொம்மை ஆளுக்கு இடக்கொச்சியில் ஒரு தங்கை இருக்கிறாள், அவளுக்குக் கல்யாணம், அதனால்தான் இவன் இப்படி விழுந்தடித்து ஓடுகிறான் என்பார். நாங்கள் நம்பினோம். பாலத்திலிருந்து அவன் விழுந்தால், கல்யாணம் நின்றுவிட்டதே என்று வருத்தப்பட்டோம்.

பெட்டியில் செருக முதலில் வந்த கேசட்டுகளில் ஒன்றிரண்டு விளையாட்டுதான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தனி உலகம். ஒன்றில் முதலைகளின் முதுகில் குதித்து ஆறு தாண்ட வேண்டும். இன்னொன்றில் செங்கல் சுவரைக் காக்க வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால், கை திரும்பவும் அ, ஆவிலிருந்து படிக்க வேண்டும். அதுதான் சுகம்.

பிறகு எண் பெருத்த கேசட்டுகள் வந்தன. அட்டையில் நூறு விளையாட்டு என்று போட்டிருக்கும், அடுத்ததில் ஐந்நூறு. எண் பெருகப் பெருக உள்ளே சரக்கு குறைந்துகொண்டே வந்தது என்பது எங்களுக்குப் புரியவில்லை. படகுத்துறைப் பக்கம் இன்னொருவர் பெரிய எண் போட்ட கேசட்டோடு ஒரு கடை திறந்தார். எங்கள் தெருப் பையன்கள் ஒவ்வொருவராக அங்கே நகர்ந்தார்கள். முதலில் போனவன் பேக்கரிக்காரர் மகன். எங்களுக்கெல்லாம் தலைவன் அவன்தான். மீசை முளைக்காத வயதிலேயே மீசையைத் தடவிக்கொள்வான். அவன் போனால் மற்றவர்களும் போவார்கள். ஒரு சாயங்காலம் அறையில் நானும் சித்தப்பாவும் மட்டும் இருந்தோம். பாலத்தில் ஓட ஆளில்லாமல் பொம்மை சும்மா நின்றுகொண்டிருந்தது.

அன்று அப்பா கொட்டகையிலிருந்து வந்து கதவருகே நின்றார்.

"ஓணம் வரைக்கும் பாரு. அதுக்கப்புறமும் இப்படியேன்னா எனக்கு அறை வேணும், ஓட்டல் துணி நனையுது. திருப்பூர்ல மச்சான் அவரோட சாயப்பட்டறைக்கு ஆள் கேக்கறாரு. நீ போயிடு."

"சரிண்ணே" என்றார் சித்தப்பா.

அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவே இல்லை. அவர் எதற்கும் ஒரே வார்த்தையில் பதில் சொல்கிற ஆள் இல்லை. திருப்பூர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அங்கே போனவர்கள் தீபாவளிக்குத்தான் வருவார்கள் என்பது மட்டும் தெரியும்.

பள்ளிக்கூடத்துக்கு ஓண விடுமுறை விட்டதும் சித்தப்பா தன் பச்சைக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து மாட்டினார். அக்கரைக்கு, அதாவது எர்ணாகுளத்துக்குப் போகும்போது மட்டும் அவர் போடும் சட்டை அது. படகேறி பிராட்வே கடைத்தெருவுக்குப் போய், மத்தியானம் திரும்பி வந்தார். கையில் ஒரு புது கேசட். அட்டை முழுக்க ஒன்பது ஒன்பதாக அச்சிட்டிருந்தது. அதற்கு மேலே எண் போட இடம் இல்லாமல்தான் நிறுத்தியிருப்பார்கள்.

நான் துள்ளினேன். "கொஞ்சம் பொறுடா, நான் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அறைக் கதவு பகலில் சாத்தி நான் பார்த்ததில்லை. உள்ளே இசை மாறி மாறிக் கேட்டது. வெகுநேரம் கழித்து, சட்டைகூட மாற்றாமல் வெளியே வந்தார். அம்மா கொடுத்த சாயாவைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல எழுந்தார். ஆறிப்போன சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மறுபடி ஒரு முறை உள்ளே போய் வந்து, தெருமுனையில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"புது கேசட்டு வந்தாச்சு! இதுல பழைய களி ஏதாச்சும் இருந்தா, கண்டுபிடிச்சுக் காட்டுங்கடா பாப்போம்!"

களி என்றால் எங்கள் ஊரில் விளையாட்டு. பேக்கரிக்காரர் மகன் பந்தைக் காலால் மிதித்து நிறுத்தினான்.

"கண்டுபிடிச்சால் எந்து தரும் சேட்டா?"

"முதல்ல கண்டுபிடி மோனே. அப்புறம் பேசலாம்."

மறுநாள் காலையில், யாரும் வருவதற்கு முன்பு சித்தப்பா எனக்கு முதல் ஆட்டம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். பட்டியலில் ஏதோ ஒன்றைத் தட்டினேன். நெருப்பு ஆறு ஓடியது. இரும்புச் சட்டை போட்ட ஒருவன் மிதக்கும் பாறைகளில் குதித்துத் தாண்டினான். அடடா என்று இருந்தது. ஆனால் என் கை என்னைக் கேட்காமலே குதித்துக்கொண்டிருந்தது. எந்தப் பாறை எப்போது முழுகும் என்று அதற்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. மூன்றாவது ஸ்டேஜில் கரையோரம் ஒரு மதில் வந்தது. அதில், விழுந்த பல்லைப் போல, ஒரு கல் மட்டும் இல்லை.

முதலை ஆட்டத்திலும் அந்த மதில் உண்டு. அதே இடத்தில் அதே கல் கிடையாது. இது முதலை ஆறேதான். தண்ணீரைச் சிவப்புச் சாயத்தில் முக்கி, முதலையைப் பாறையாக்கி, பையனுக்கு இரும்புச் சட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள். மடிப்பில் இருந்த குறியை மட்டும் மறைக்க மறந்துவிட்டார்கள்.

இன்னொன்றைத் தட்டினேன். அது செங்கல் சுவர் ஆட்டம், பனிக்கட்டிச் சுவராக மாறி வந்திருந்தது. இன்னொன்று, அதே முதலை ஆறு, ராத்திரி நேரத்தில். ஒன்பதுகளுக்குள் எல்லாம் நாங்கள் ஏற்கெனவே துவைத்துத் துவைத்துப் பழகிய துணிகள்தான்.

பாவம் சித்தப்பா, பிராட்வேக்காரர்கள் அவரை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். அதுகூடப் பரவாயில்லை. இது தெரியாமல் தெருவையே கூட்டிச் சவால் வேறு விட்டுவிட்டாரே! பையன்கள் கண்டுபிடித்தால் சிரிப்பார்கள். சிரித்தால் திரும்ப வரமாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் திருப்பூர். குளித்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. நானே காப்பாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பையன்கள் வந்தார்கள். அறை நிறைந்தது. நான் டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அது வேணாம், இது நல்லாருக்கும்" என்று காய்கறிக்காரரைப் போல விளையாட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தேன். யாராவது மூன்றாவது ஸ்டேஜை நெருங்கினால், "போதும், அடுத்தவனுக்குக் கொடு" என்பேன். பேக்கரிக்காரர் மகன் வந்து உட்கார்ந்து, நேராக நெருப்பு ஆற்றையே தட்டினான்.

"அது வேணாம், அதுல கேசட்டு சூடாயிடும்" என்றேன்.

"கேசட்டோ, நின்டெ தலையோ?" என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் கெட்டிக்காரன். பாறை பாறையாகத் தாண்டி மூன்றாவது ஸ்டேஜுக்கு வந்துவிட்டான். நான் மதிலை மறைத்துக்கொண்டு டிவி முன்னால் போய் நின்றேன்.

"மாறி நில்லு எடா."

நான் நகரவில்லை. அவன் எழுந்து என் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டான். மதிலைப் பார்த்தான். இல்லாத மீசையைத் தடவப் போன கை அப்படியே நின்றது.

"எடா, இது நம்முடெ பழைய மதில் தன்னே! அதே கல்லு இல்லா! சேட்டன் நம்மளெ பற்றிச்சு!"

அண்ணன் நம்மை ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தம். அத்தனை தலையும் முக்காலியில் உட்கார்ந்திருந்த சித்தப்பா பக்கம் திரும்பியது. நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திருப்பூர் ரயில் எந்த ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் என்று யோசித்தேன்.

"எங்க, காட்டு பாப்போம்" என்றார் சித்தப்பா. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

பழைய கேசட்டை எடுத்து அவரே மாட்டினார். பேக்கரிக்காரர் மகன் முதலை ஆற்றைத் தாண்டி மதில் வரைக்கும் போய்க் காட்டினான். கல் இல்லாத இடத்தை விரலால் தொட்டான். ஓ என்று ஒரே கூச்சல். சித்தப்பா டிவி வைத்திருந்த பலகைக்குப் பின்னாலிருந்து மைப்புட்டியை எடுத்தார். ஆம், அப்பாவின் குறி மைதான்.

"சட்டையக் கொண்டா."

அவன் சட்டை ஓரத்தை மடித்து, உள்பக்கம் அழகாக இரண்டு புள்ளி வைத்தார்.

"இது உன் குறி. ஆத்த அடையாளம் கண்டுபிடிச்சவன்னு அர்த்தம். இனி இந்தக் குறி வேற யாருக்கும் கிடையாது. அடுத்தவன் யாருடா?"

முதல் ஆளுக்கு ஏன் இரண்டு புள்ளி, ஒன்றிலிருந்துதானே ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கேட்க நேரமில்லை. "சேட்டா, எனக்கு!" "சேட்டா, நான் ஒண்ணு கண்டு!" என்று அறை கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு லேசாகிறது. யாரும் ஜெயிப்பதற்காக விளையாடவில்லை. எல்லோரும் துப்பறிந்தார்கள். மேகத்தைப் பார்த்தார்கள், மரத்தைப் பார்த்தார்கள், இசையைக் கண்மூடிக் கேட்டார்கள். வண்ணத்தில் ஏமாறக் கூடாது, மடிப்பைப் பார்க்க வேண்டும் என்று ஒருவனுக்கொருவன் பாடம் எடுத்தான். பழைய கேசட்டுகளையெல்லாம் திரும்ப வெளியே எடுக்க வேண்டி வந்தது. படகுத்துறைக் கடைக்குப் போன பையன்களும் குறி வாங்குவதற்காகத் திரும்பி வந்தார்கள். மூன்று புள்ளி, புள்ளியும் கோடும், கொக்கி என்று குறிகள் பெருகின. தெருவில் நடக்கும்போதே பையன்கள் சட்டையைத் தூக்கி ஓரத்தைக் காட்டிக்கொண்டு நடந்தார்கள்.

வந்தார்கள் அம்மாக்களும்.

பேக்கரிக்காரர் மனைவி ஒரு பள்ளிக்கூடச் சட்டையை உதறிக்கொண்டு வந்து அப்பாவின் முன்னால் நின்றார். "துணி வெளுக்குந்ந வீடல்லே இது? எந்தொரு சோப்பு போட்டாலும் இது போகுந்நில்லல்லோ!" என்று பிடிபிடி என்று பிடித்தார். அப்பா சட்டை ஓரத்தை விரித்துப் பார்த்தார். அது போகாது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? சட்டையைக் கையில் பிடித்தபடியே தேய்ப்பறைக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். போயிற்று, இத்தனை தூரம் வந்து இப்போது அறை போகப்போகிறது என்று நினைத்தேன்.

அப்பா வாசலில் நின்றார். உள்ளே நிற்க இடமில்லை. ஜன்னலில் இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா ஒரு சின்னப் பையனின் சட்டை ஓரத்தைக் கண்ணருகே வைத்துக்கொண்டு கொக்கி போட்டுக்கொண்டிருந்தார்.

"வெளுக்கற வீட்டுல உக்காந்துகிட்டு, வெளுக்காத மையாடா போடற?" என்றார் அப்பா.

சித்தப்பா எழுந்து நின்றார். "இனிமே உள்பக்கமா மட்டும் போடறேண்ணே. சின்னதா."

அப்பா டிவியைப் பார்த்தார், பையன்களைப் பார்த்தார், கையிலிருந்த சட்டையைப் பார்த்தார். பிறகு எதுவும் சொல்லாமல் திரும்பிவிட்டார். சொல்லாமல் இருப்பது அவர் திட்டும் முறை என்று சொன்னேன் அல்லவா? ஆனால் அன்று சாயங்காலம் ஒரு பெரிய தார்ப்பாயோடு வந்தார். கொட்டகைக்குக் கூரை நீட்டிக் கட்டினார். சாரல் அடிக்காதபடி பக்கத்துக்கும் ஒன்று தொங்கவிட்டார். தேய்ப்பு மேசையை அதற்குக் கீழே நன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டார். மழை வந்து தார்ப்பாயில் படபடவென்று விழுந்தது. மேசை நனையவில்லை. திருப்பூரைப் பற்றி அதன்பிறகு எங்கள் வீட்டில் பேச்சே இல்லை.

அன்றைக்கு நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்று அம்மா பல வருஷம் சொல்லிக் காட்டினாள்.

புதிதாக ஒரு விளையாட்டைச் செய்வது கஷ்டம் பிள்ளைகளே. சாயம் முக்குவது சுலபம். அதனால் பெரிய பெரிய கம்பெனிகளும் போன வருஷத்து விளையாட்டையே சட்டை மாற்றி அனுப்புகிறார்கள் என்று என் மூத்த மகன் சொல்கிறான். சித்தப்பா அந்த அறையைப் பல வருஷம் நடத்திவிட்டு, இப்போது வைட்டிலா பக்கம் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அந்த ஓணத்துக்கு எங்கள் தெருவில் உண்மையிலேயே புதிதாக ஒரு விளையாட்டு இருந்தது. அது கேசட்டில் இல்லை, டிவியில் இல்லை. அதை உண்டாக்கியவர் என் சித்தப்பா. ஆனால் நான் அப்போது நினைத்தது வேறு. ஒன்றும் தெரியாமல் ஏமாந்தார், ஏமாந்தது தெரியாமல் சவால் விட்டார், மாட்டிக்கொண்டதும் ஏதோ அதிர்ஷ்டத்தில் தப்பித்தார் என்று நினைத்தேன். சாத்தியிருந்த கதவை நினைக்கவில்லை. ஆறிப்போன சாயாவை நினைக்கவில்லை. கேசட்டில் பழைய விளையாட்டு இல்லை என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, இருந்தால் கண்டுபிடியுங்கள் என்றுதான் சொன்னார் என்பதையும் நினைக்கவில்லை.

விடுமுறை முடியும் சமயம், ஈரத்துணியைக் கயிற்றில் போட அம்மா என்னை அனுப்பினாள். எங்கள் கயிற்றில் இரண்டு புரி முறுக்கியிருக்கும். துணியின் முனையை அந்த முறுக்குக்குள் செருகினால் போதும், காற்றுக்கு அசையாது. கூடையில் சித்தப்பாவின் பச்சைக் கட்டச் சட்டை இருந்தது. பிராட்வேக்குப் போய்வந்த நாளுக்குப் பிறகு அவர் அதைப் போடவே இல்லை. உதறினேன். ஓரத்து மடிப்புக்குள் கறுப்பாக ஒரே ஒரு புள்ளி.

எங்கள் வீட்டுத் துணிக்கு நாங்கள் குறி போடுவதில்லை. இந்த இடத்தில் என் மகள் நான் முடிப்பதற்குள்ளேயே, "அப்பா, அப்ப முதல்ல கண்டுபிடிச்சது உங்க சித்தப்பாதான்!" என்று கத்திவிட்டாள். எனக்கு அவள் புத்தி அன்று இல்லை. யாரோ கைதவறி வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, கல்லில் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. அம்மா பார்த்தால் சித்தப்பாவுக்குத் திட்டு விழுமே என்று அந்தப் புள்ளி இருந்த முனையைக் கயிற்றின் முறுக்குக்குள் நன்றாக அழுத்திச் செருகிவிட்டு, அவரை இன்னொரு தடவை காப்பாற்றிவிட்ட திருப்தியோடு விளையாட ஓடினேன்.